சத்திரமா, போர்டு ஸ்கூலா, ரேஷன் கடையா: உங்கள் ஊர்ப் பழைய கட்டடம் என்னவாக இருந்தது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே உங்கள் ஊர். ஊர் நடுவில், குளத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய பழைய கட்டடம். எல்லோரும் அதைச் சத்திரம் என்கிறார்கள், ஆனால் அங்கே தங்கியவர் என்று ஒருவரும் இல்லை. தாத்தாவுக்கு அது படித்த போர்டு ஸ்கூல். அப்பாவுக்கு நெல்மூட்டை அடுக்கிய குடோன். உங்களுக்கு ரேஷன் கடை. சில வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது, இடித்துவிட்டுச் சமுதாயக்கூடம் கட்டலாம் என்று பேச்சு. உண்மையில் அது எதற்காகக் கட்டப்பட்டது, அதைப் பழையபடி மாற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள்.

தாத்தா, அப்பா, நீங்கள் மூவரும் சொல்வது உண்மைதான். அதில் எதையும் தள்ள வேண்டாம். ஆனால் மூவர் கணக்கிலும் வராத ஒன்று இருக்கிறது: நிலம். பழைய ஆவணங்களில் சத்திரம் என்றால் கட்டடம் மட்டும் கிடையாது. அதற்கு எழுதிவைத்த நஞ்சை, புஞ்சை, தோப்பு, குளம் எல்லாம் சேர்ந்ததுதான் சத்திரம். நெல் வயலிலிருந்து வந்தது, அடுப்பு எரிந்தது, மிச்சத்தில் கூரை மராமத்து நடந்தது. உங்கள் கட்டடம் இன்று இந்த நிலையில் கிடப்பதற்குக் காரணம் அது பள்ளிக்கூடமானதோ குடோனானதோ அல்ல. நிலம் ஒரு பக்கமும் கட்டடம் ஒரு பக்கமும் போய்விட்டதுதான் காரணம்.

இதைப் புரிந்துகொள்ளத் தஞ்சை மராத்தியர் காலத்துக்குப் போக வேண்டும். ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்கள் வடக்கேயிருந்து இந்தப் பகுதி வழியாகத்தான் வந்தார்கள். நீடாமங்கலம், ஒரத்தநாடு, ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல் என்று அந்த வழி முழுக்க அரச குடும்பம் சத்திரங்களைக் கட்டியது. பல சத்திரங்களுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். முக்தாம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி 1802-இல் கட்டினார். உங்களுக்குப் பக்கம்தானே, ஒருமுறை போய் நின்று பாருங்கள். தேர்போலச் சக்கரம் வைத்த கல்வேலைப்பாட்டைப் பார்த்தாலே, வழிப்போக்கனுக்குச் சோறு போடும் வேலையை எவ்வளவு பெரிதாக நினைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்.

1799 உடன்படிக்கையில் நாட்டு நிர்வாகம் ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. அப்போது சரபோஜி விடாமல் பிடித்துக்கொண்டவற்றில் சத்திரங்களும் உண்டு. 1801-இல் தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்கும் கடிதம். பிராமணர் முதல் பறையர் வரை, எந்தத் தேசத்திலிருந்து வந்த யாத்திரிகராக இருந்தாலும் சமைத்த சோறு கிடைக்கும். அதை வாங்கிக்கொள்ள விரும்பாதவர்களுக்கு அரிசியாகக் கொடுப்பார்கள். நள்ளிரவில் மணி அடித்துச் சாப்பிடாதவர்களைக் கூப்பிடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர் உண்டு, பாம்புக் கடிக்கும் மருந்து உண்டு. அநாதைக் குழந்தைக்குப் பால் உண்டு. பிரசவத்துக்கு உதவி உண்டு. யாத்திரையில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கிரியை உண்டு என்று விவரித்து எழுதுகிறார். படிக்கிற பிள்ளைகளுக்கு ஆசிரியரும் உண்டு.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். தங்குமிடம், சமையல்கூடம், மருத்துவமனை, பிரசவ அறை, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். ஆகவே "சத்திரமாக இருந்தது பள்ளிக்கூடமாக மாறிவிட்டது" என்று நாம் வருத்தப்படுவது அவ்வளவு சரியில்லை. முக்தாம்பாள் சத்திரத்தில் சரபோஜி காலத்திலேயே பள்ளி நடந்தது. பின்னாளில் அரசுப் பள்ளியும் மாணவர் விடுதியும் அதற்குள் இயங்கின. பலவற்றில் ஒன்று நின்றது, இன்னொன்று தொடர்ந்தது. அவ்வளவுதான்.

சரி, தங்குவது ஏன் நின்றது? ரயில். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இல் ரயில் வந்தது, அடுத்த வருடம் திருச்சிராப்பள்ளிக்கு நீண்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு ராமேஸ்வரத்துக்கு நடக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வாரக்கணக்கில் நடந்த தூரத்தை உட்கார்ந்தே கடக்கிறவனுக்கு நடுவழியில் படுக்க இடம் எதற்கு? ரயிலடிக்குப் பக்கத்தில் அமைந்த சத்திரங்கள் பிழைத்துக்கொண்டன. மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் அப்படித்தான். உங்கள் ஊர் மாதிரி நடைபாதையில் இருந்தவைதான் ஆளின்றி நின்றன. தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கிக் கல், சாலையோரக் குளம் எல்லாம் ஒரே நேரத்தில் வேலையிழந்தன.

இதற்கிடையில் காகிதத்தில் வேறொன்று நடந்தது. 1817-இல் சென்னை மாகாணம் ஏழாம் ரெகுலேஷன் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. கோயில், மசூதி, கல்லூரி ஆகியவற்றின் மானிய நிலங்களோடு பாலம், சத்திரம் முதலிய பொதுக் கட்டடங்களின் பராமரிப்பையும் அது ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. 1855-இல் தஞ்சை அரசு முடிந்து, அரண்மனையின் கை விலகியது. 1863-இல் அரசு கோயில் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டது. சத்திரம் வழிபாட்டுக்கானது இல்லையே, அதனால் அது அரசோடு ஒட்டிக்கொண்டது. 1871-இல் உள்ளூர் நிதிச் சட்டம், 1884-இல் உள்ளாட்சி போர்டுச் சட்டம். பல சத்திரங்கள் அந்தப் போர்டுகளின் பொறுப்புக்கு வந்தன. போர்டின் கையில் சாலை இருந்தது, மருந்தகம் இருந்தது, பள்ளி இருந்தது. ஆளில்லாத பெரிய கட்டடமும் இருந்தது. பள்ளிக்கு இடம் வேண்டும் என்று கேட்டபோது எதைக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? தாத்தா சொல்லும் போர்டு ஸ்கூல் பிறந்த கதை பெரும்பாலும் இதுதான்.

திருவையாற்றில் இதே மாற்றம் இன்னும் அழகாக நடந்தது. அரச குடும்பத்து அறக்கட்டளை வருமானத்தில் 1881-இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரியில், மாவட்ட போர்டுத் தலைவராக ஏ. டி. பன்னீர்செல்வம் இருந்த காலத்தில் தமிழும் சேர்ந்தது. அதுதான் அரசர் கல்லூரி. அறமும் அதற்குரிய வருமானமும் கூடவே இருந்ததால், பயன் மாறியும் அந்த இடம் இடிந்துபோகவில்லை.

பள்ளிக்கூடமானதை நான் இழப்பாகப் பார்க்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். சரபோஜியின் கடிதம் எல்லாச் சாதியாருக்கும் சோறு என்றுதான் சொல்கிறது. ஆனால் சோறு கிடைப்பது வேறு, உள்ளே நுழைவது வேறு. பழைய சத்திரங்களின் அமைப்பைப் பாருங்கள். முன்திண்ணை, ரேழி, முற்றம், அதற்கப்புறம் தனியாக ஒரு சாப்பாட்டுக் கட்டு, தனிக் கிணறு. யார் எதுவரை வரலாம் என்று கட்டடமே பிரித்து வைத்திருக்கிறது. பல இடங்களில் சிலருக்கு வாசல்வரைகூட வழி கிடையாது, மதிற்சுவருக்கு வெளியேதான் இலை விழும். தர்மசாலைகளில் நுழைய விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கிய மத்தியச் சட்டம் 1955-இல்தான் வந்தது. ஆனால் உங்கள் ஊர் மாதிரி ஊர்களில் அந்த ரேழியை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் முதன்முதலாகத் தாண்டியது சிலேட்டோடு போனபோதுதான். அதுவும் ஒரே நாளில் நடந்திருக்காது. திண்ணையில் தனியாக உட்காரவைத்த கதைகளை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். தாத்தாவிடம் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். அதையும் எழுதி வையுங்கள். கட்டடத்தின் வரலாற்றில் தேர்ச் சக்கரத்தைவிட அது பெரிய விஷயம்.

காமராஜர் காலத்தில் 1956-இல் மதிய உணவு வந்தது. பல சத்திரப் பள்ளிகளில் எங்கே சமைத்தார்கள் தெரியுமா? பின்கட்டில், பழைய சமையல் இருந்த அதே இடத்தில். புகைபோக்கி அங்கேதான் இருந்தது, கிணறு அங்கேதான் இருந்தது. நான் பார்த்த ஒரு சத்திரத்தில் சமையல்கட்டுச் சுவரில் வெள்ளை பெயர்ந்த இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். மேலே மஞ்சள் டிஸ்டெம்பர், அதற்கடியில் நாலைந்து அடுக்குச் சுண்ணாம்பு, அப்புறம் மெல்லிசாகக் கரி. மறுபடி சுண்ணாம்பு. அதற்கும் அடியில் விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தடிமனாகக் கரி. மேல் கரி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்தது, கீழ்க் கரி யாத்திரிகர்களுக்குச் சமைத்தது. நடுவில் இருக்கும் வெள்ளைதான் அடுப்பு எரியாத ஆண்டுகள். எவ்வளவோ ஆவணம் படித்திருக்கிறேன், அந்தச் சுவர்போல எதுவும் என்னைப் பாதிக்கவில்லை.

அடுத்தது நிலம். வரி தள்ளியோ குறைத்தோ மானியமாகக் கொடுத்த இனாம் நிலங்களை ஒவ்வொன்றாக விசாரிக்க 1858-இல் இனாம் கமிஷன் அமைத்தார்கள். யார் கொடுத்தது, எதற்காக, எவ்வளவு என்று அதன் பதிவேட்டில் இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன, 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. உழுதவனுக்கு நியாயம் கிடைக்க அவை தேவைப்பட்ட சட்டங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிலத்தைப் பற்றி முடிவெடுத்தபோது, அந்த நிலத்தில் தொங்கிக்கொண்டிருந்த கூரையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அதே காலத்தில் மாவட்ட போர்டுகளும் போய்ப் பஞ்சாயத்து யூனியன் வந்தது. பள்ளி யூனியன் கைக்குப் போனது. கட்டடம் யாருடையது என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில். பள்ளிக்குப் புதுக் கட்டடம் கிடைத்ததும் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். காலி இடம் நெல்மூட்டைக்குப் போனது. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்து கொள்முதல் பெருகியபோது எந்த ஊரிலும் மழைக்கு ஒதுங்க இடம் போதவில்லை. அப்பா சொல்வது அந்தக் காலம். அப்புறம் ரேஷன் கடை. 1980-இல் ஊர்க்கணக்கரான கர்ணம் பதவி ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது, சில ஊர்களில் அவர்களுக்கும் இதில் ஓர் அறை. ஒவ்வொருவரும் பயன்படுத்தினார்கள். மராமத்து என் பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இனி, உங்கள் கட்டடத்தை நீங்களே படிப்பது எப்படி என்று சொல்கிறேன்.

மேலே பார்த்துத் தொடங்குங்கள். முன்பகுதியில் மங்களூர் ஓடு இருந்தால் அது 1865-க்குப் பிந்திய கூரை. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது அந்த வருடம்தான். அந்த ஆலை ஓட்டின் அடிப்பக்கம் 1865 என்றே பொறித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கட்டடமே 1865-இல் கட்டியது என்று நிறையப் பேர் சொல்லிவிடுகிறார்கள். அது ஆலை தொடங்கிய வருடம், ஓடு எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். உள்கட்டில் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, மேலே செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் இறுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். மரத்துக்கு நடுவே இரும்பு உத்தரம் தெரிந்தால், அதில் டார்மன் லாங் என்று ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெள்ளைக்காரன் காலத்து இங்கிலாந்து இரும்பு, பெரும்பாலும் போர்டு காலத்து மராமத்து.

அப்புறம் தரை. ஓரிடத்தில் மட்டும் வட்டம் வட்டமாகக் கறை இருந்தால் அது மண்ணெண்ணெய் பீப்பாய் நின்ற இடம், எவ்வளவு கழுவினாலும் போகாது. கல்தொட்டி ஒன்று புரண்டு கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடியில் துளை இருந்தால் கஞ்சி வடித்த தொட்டியாக இருக்கலாம். சுவரில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே கறுப்பு பூசிய சதுரம் கரும்பலகை, அது எந்தெந்த அறையில் இருக்கிறது என்று எண்ணினால் எத்தனை வகுப்பு நடந்தது என்று தெரிந்துவிடும். திண்ணைக் கல்லில் ஆடுபுலி ஆட்டக் கோடு கீறியிருக்கும். காத்திருந்தவர்கள் கீறியது.

காகிதத்துக்கு வட்டாட்சியர் அலுவலகம் போங்கள். புல எண்ணைச் சொல்லி ஊர் நில விவரமெல்லாம் உள்ள 'அ' பதிவேட்டின் நகல் கேளுங்கள். குறிப்புக் கலத்தில் சத்திரம் என்று இருக்கிறதா, சர்க்கார் புறம்போக்கு என்று இருக்கிறதா, பள்ளிக்கூடம் என்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இனாம் பதிவேடு எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் கிடைக்க வாய்ப்புண்டு. தஞ்சாவூரில் மாவட்ட ஆட்சியரின் கீழ்ச் சத்திரம் நிர்வாகம் என்றே ஒரு பிரிவு உண்டு. அரசர் கட்டிய சத்திரமாக இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள். இந்தக் காகிதம் கையில் வருவதற்குள் இடிக்கும் தீர்மானம் எதுவும் போடவேண்டாம் என்று கிராம சபையில் நீங்களே எழுந்து கேட்கலாம். நிலம் யாருடையது என்று தெரியாமல் போட்ட தீர்மானம் பின்னால் பஞ்சாயத்துக்கே சிக்கலாகும்.

பழையபடி மாற்றலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மாற்றக்கூடாது என்பதே என் கருத்து. 1800-களின் சத்திரம் மாதிரி ஆக்குகிறேன் என்று கரும்பலகையைச் சுரண்டி, தடுப்புச் சுவரை இடித்து, புதிதாக விளக்குமாடம் வைப்பது உங்கள் தாத்தாவையும் அப்பாவையும் அந்தக் கட்டடத்திலிருந்து வெளியேற்றுவது. உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கும் சபா மண்டபம் இன்று வைகுந்தப் பெருமாள் கோயில். பராந்தக சோழன் காலத்துத் தேர்தல் விதிகளைப் படிக்கிறவரும், தீபாராதனைக்கு வருகிறவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒன்றுக்காக மற்றதை எடுத்துவிட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

செய்ய வேண்டியது, அந்தக் கட்டடம் தாங்கக்கூடிய ஒரு வேலையைத் தினமும் அதற்குள் நடத்துவது. மூட்டை அடுக்குவது வேண்டாம், எடை தரையையும் ஈரம் சுவரையும் தின்னும். நூலகம், மாலைநேரப் படிப்பு, பெண்கள் குழுக் கூட்டம் எல்லாம் சரிப்படும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் என்ன பாடுபட்டன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரையாள் அகலச் சுவர் உள்ள ஒரு கட்டடத்தை, கிணறும் அடுப்படியும் உள்ளதை, ஊர் நடுவில் வைத்துக்கொண்டு இடிக்க யோசிக்கலாமா? ஆனால் அந்த வேலைக்கு ஒரு வரவு வேண்டும். பஞ்சாயத்தானாலும், பழைய மாணவர்கள் சேர்ந்து வைக்கும் நிதியானாலும், வருடா வருடம் மராமத்துக்கென்று இவ்வளவு என்று எழுத்தில் வைத்துவிட்டுத்தான் பூட்டைத் திறக்க வேண்டும். சரபோஜி நிலத்தை விடாமல் பிடித்தது இதற்காகத்தான்.

மராமத்து செய்தால் சிமெண்ட்டைக் கிட்டே சேர்க்காதீர்கள். சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல், சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்குக் கட்டை நுனியில் தங்கிவிடும். வெளியே பார்க்கப் புதுசாக இருக்கும்போதே கட்டை உள்ளே மக்கும். நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, செங்கல் ஜல்லியோடு கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டையான தட்டோடுகளைப் பதிக்க வேண்டும். தட்டத் தெரிந்த கொத்தனாரும் சித்தாள்களும் தஞ்சாவூர்ப் பக்கமும் செட்டிநாட்டுப் பக்கமும் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

இதற்கெல்லாம் நாளாகும். ஆனால் ஒரு வேலைக்கு அனுமதி பெற்றுச் சாவி வாங்கினால் போதும், காசு வேண்டாம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இரண்டு பேராக மொட்டைமாடிக்கு ஏறுங்கள். கட்டை மக்கியிருக்கலாம், அதனால் நடுவில் போகாமல் சுவர் ஓரமாகவே நடங்கள். முற்றத்துப் பக்கத் தண்ணீர்த் தூம்பில் சருகு அடைத்திருக்கும், கையால் அள்ளிப் போடுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு செங்கல்லும் வந்துவிடும். சுவரோடு ஒட்ட வெட்டிவிட்டு, வெட்டிய வாயில் நீற்றாத சுண்ணாம்பை வைத்து அடையுங்கள். மறுபடி துளிர்க்கும். அப்போது மறுபடி ஏறுங்கள்.